பெருஞ் செல்வமும் விளையாட்டுப் பெட்டியும்



உலகின் பெருஞ் செல்வம் படைத்த தொழில்நுட்ப ஸ்தாபனங்கள் யாவை என்று கேட்டால், அப்பிள், கூகிள், அமேசன், மைக்கிரோசொவ்ற் என்னும் பெயர்களை இன்று பள்ளிப் பிள்ளையும் ஒப்புவிக்கும். இந்நான்கினுள், வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடும் வீடியோ விளையாட்டுப் பெட்டியைத் தன் பெயரில் வெளியிட்டு நிலைபெற்றது மைக்கிரோசொவ்ற் ஒன்றுதான். ஏனைய மூன்றும் அத்துறையில் இறங்குமா, இறங்கினால் நிலைக்குமா என்ற கேள்வி வணிகப் பத்திரிகைகளிலும் இளைஞர் கூடும் இடங்களிலும் ஓயாது எழுந்து வருகின்றது. அக்கேள்வியையே இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

விளையாட்டுக் காரியந்தானே என்று இதனை ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. 2023ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் மைக்கிரோசொவ்ற், அக்ரிவிஷன் பிளிசார்ட் என்னும் விளையாட்டு ஸ்தாபனம் ஒன்றை வாங்குவதற்காகச் செலவிட்ட தொகை ஏறத்தாழ 6,870 கோடி டொலர். இத்தொழிலில் ஓவியரும் இசைவல்லாரும் எழுத்தாளரும் கணினி வல்லுநருமாக ஆயிரக்கணக்கானோர் உழைக்கின்றனர். பெரிய ஸ்தாபனம் ஒன்று ஆர்வத்தோடு உள்ளே நுழைந்து, பின் மனம் மாறி வெளியேறும்போது, வீட்டுக்கு அனுப்பப்படுபவர்கள் இவர்கள். காசு கொடுத்து வாங்கிய பொருள் கையைவிட்டுப் போவதைப் பார்த்திருப்பவர்கள் வாடிக்கையாளர்கள். ஆகவே கேள்வி விளையாட்டைப் பற்றியதாயினும் விடை விளையாட்டன்று.

இப்பெட்டி வீட்டில் இல்லாத நேயர்களுக்காக ஒரு சொல். ஆங்கிலத்தில் கொன்சோல் எனப்படும் இது, உண்மையில் ஒரு கணினியே. ஆனால் கணக்கெழுதவோ கடிதம் அடிக்கவோ செய்யப்பட்டதன்று, விளையாடுவதற்கென்றே அமைந்தது. விளையாட்டுகள் முதலில் சிறு பேழைகளில் அடைக்கப்பட்டு வந்தன. பின்னர் இசைத்தட்டைப் போன்ற வட்டத் தட்டுகளில் வந்தன. இன்று பெரும்பாலும் இணையவழியே வந்து இறங்குகின்றன. இவற்றையெல்லாம்விட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. பெட்டியைச் செய்தவன் அனுமதித்த விளையாட்டே அதில் ஓடும். இவ்வணிகத்தின் உயிர்நிலை அங்கேதான் இருக்கின்றது.

விளக்கை அடக்க விலைக்கும் குறைத்துக் கொடுத்து எண்ணெயில் இலாபம் பார்க்கும் வணிகன் ஒருவனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். விளையாட்டுப் பெட்டி செய்வோர் பெரும்பாலும் அவனைப் போன்றவர்களே. சோனி ஸ்தாபனம் 2006இல் தன் மூன்றாவது பிளேஸ்ரேசன் பெட்டியை அமெரிக்காவில் 599 டொலருக்கு விற்றது. விலை கூடிப்போயிற்று என்று எல்லோரும் முறையிட்டனர். அவ்விலைக்கு விற்றும் சோனிக்கு ஒவ்வொரு பெட்டியிலும் நட்டமே கிட்டியது. அந்த நட்டத்தை எவ்வாறு ஈடுசெய்வது? பிறர் செய்து விற்கும் ஒவ்வொரு விளையாட்டிலிருந்தும் ஒரு பங்கைப் பெறுவதனால். அப்பங்கு வரவேண்டுமாயின் பெட்டி கோடிக்கணக்கான வீடுகளில் இருக்கவேண்டும். பெட்டி வீடுகளுக்குள் புகவேண்டுமாயின் நல்ல விளையாட்டுகள் முன்கூட்டியே அதற்கு இருக்கவேண்டும். விளையாட்டுச் செய்பவரோ, பெட்டி எத்தனை வீடுகளில் இருக்கின்றது என்று கணக்குப் பார்த்த பின்னரே வேலையில் இறங்குவர். புதிதாக வருபவன் இச்சுழலின் நடுவே ஒருவர் துணையுமின்றித் தனித்து நிற்கின்றான்.

அனுமதிக்கும் உரிமை எத்துணை முக்கியமானது என்பதை இத்துறை ஒரு பெருவீழ்ச்சியின் மூலம் கற்றுக்கொண்டது. அற்றாரி ஸ்தாபனம் 1977இல் வெளியிட்ட பெட்டிக்கு யார் வேண்டுமாயினும் விளையாட்டுச் செய்யலாம் என்ற நிலை நாளடைவில் ஏற்பட்டது. தரமற்ற பேழைகள் கடைகளில் மலைபோற் குவிந்தன. வணிகர்கள் வந்த விலைக்கு அவற்றைத் தள்ளினர். 1983இல் அமெரிக்கச் சந்தையே சரிந்தது. யப்பானில் கியோட்டோ நகரில் 1889இல் கடுதாசி விளையாட்டுச் சீட்டுகள் செய்யத் தொடங்கிய நின்ரெண்டோ ஸ்தாபனம், 1985இல் தன் பெட்டியை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தபோது, அனுமதியில்லாப் பேழை வேலை செய்யாதபடி ஒரு பூட்டுச் சில்லை உள்ளே வைத்தது. ஒரு நிறுவனம் ஆண்டொன்றுக்கு ஐந்து விளையாட்டுகளுக்கு மேல் வெளியிடலாகாது என்றும் விதித்தது. கடுமையான முறைதான், ஆயினும் மக்களின் நம்பிக்கையை மீட்டது அதுவே.

இனி, வெளியிலிருந்து வந்து வென்றவர்களைப் பார்ப்போம். முதலில் சோனி. இன்று பிளேஸ்ரேசன் என்ற பெயர் வழக்கில் ஊறிவிட்டபடியால், சோனியும் ஒரு காலத்தில் இத்துறைக்கு அந்நியமாயிருந்த பெரிய மின்னணு ஸ்தாபனமே என்பதைப் பலர் மறந்துவிட்டனர். அங்கே கென் குடராகி என்ற பொறியியலாளர் இருந்தார். தம் மகள் நின்ரெண்டோப் பெட்டியில் விளையாடுவதைக் கண்டு, இதற்கு இன்னும் நல்ல ஒலி வேண்டுமே என்று எண்ணிய அவர், மேலதிகாரிகள் பலருக்குத் தெரியாமலே நின்ரெண்டோவின் அடுத்த பெட்டிக்கு ஒலிச் சில்லை வடிவமைத்துக் கொடுத்தார். விளையாட்டுச் சாமான் வேலையில் சோனியின் பொறியியலாளர் இறங்குவதா என்று உள்ளே முணுமுணுத்தவர்கள் அநேகர். தலைமைப் பதவியிலிருந்த நோரியோ ஓகா அவருக்குத் துணை நின்றார். ஓகா இளமையில் மேனாட்டுச் சங்கீதம் பயின்ற பாடகர் என்பதும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது.

பின்னர், நின்ரெண்டோப் பெட்டியோடு இணையும் வட்டத்தட்டுக் கருவியொன்றை இரு ஸ்தாபனங்களும் சேர்ந்து செய்வதென ஒப்பந்தமாயிற்று. 1991 யூன் மாதம் சிகாகோவில் நடந்த மின்னணுப் பொருட்காட்சியில் சோனி அதனைப் பெருமையோடு அறிவித்தது. அடுத்த நாட் காலை நின்ரெண்டோ அதே பொருட்காட்சியில், தாம் ஒல்லாந்து தேசத்துப் பிலிப்ஸ் ஸ்தாபனத்தோடு கூட்டுச் சேர்ந்திருப்பதாக அறிவித்துவிட்டது. தட்டில் வரும் விளையாட்டுகளின் வருவாய் சோனியின் கட்டுப்பாட்டுக்குப் போய்விடும் என்பதை நின்ரெண்டோத் தலைவர் யமாவுச்சி பிந்தி உணர்ந்ததே இதற்குக் காரணம். ஊரைக் கூட்டி மணவறையில் அமர்த்திவிட்டு மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போனதற்கு ஒப்பான அவமானம் அது. அவ்வவமானத்திலிருந்துதான் பிளேஸ்ரேசன் பிறந்தது.

ஆனால் மானத்தினால் மட்டும் பெட்டி விற்காது. குடராகி தம் குழுவினரோடு சோனியின் இசைத்தட்டுப் பிரிவுக்கு மாற்றப்பட்டார். இசைத்தட்டு வெளியிடுபவர்களுக்குக் கலைஞரை எவ்வாறு மதிப்பது, எவ்வாறு பேணுவது என்பது தெரியும். தட்டை அச்சிட்டுக் கடைக்கு விரைவாக அனுப்பவும் தெரியும். பழைய முறையில், பேழைகளை நின்ரெண்டோவே செய்யும். விளையாட்டுச் செய்பவன் பணத்தை முற்கூட்டியே கட்டிவிட்டு மாதக்கணக்கிற் காத்திருக்கவேண்டும். விற்காமல் எஞ்சினால் நட்டம் அவன் தலையில். வட்டத்தட்டோ சொற்ப செலவில் சில நாட்களுக்குள் அச்சாகிவிடும். விளையாட்டுச் செய்பவர்கள் சோனியை நாடி ஓடியதற்கு வேறு மந்திரம் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. 1994 டிசெம்பர் 3ஆம் நாள் யப்பானில் பெட்டி வெளிவந்தது. அடுத்த ஆண்டு மே மாதம் லொஸ் ஏஞ்சலிஸ் நகரப் பொருட்காட்சியில், போட்டியாளரான சேகா தன் பெட்டியின் விலை 399 டொலர் என்று அறிவித்தபின், சோனியின் பிரதிநிதி மேடையேறி "299" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அதுவே அன்றைய மிகச் சிறந்த சொற்பொழிவு என்பது என் எண்ணம். அப்பெட்டி பின்னர் 10 கோடிக்கு மேல் விற்பனையாயிற்று.

தோற்றவர்களைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. சோனியின் இடத்தைப் பிடித்த பிலிப்ஸ், கலைக்களஞ்சியமும் திரைப்படமும் இசையும் விளையாட்டும் எல்லாம் ஒன்றில் அடங்கும் என்று 1991இல் ஒரு கருவியை விற்றது; எல்லாமாய் இருந்த அது ஒன்றுமாய் இல்லாமற் போயிற்று. அப்பிள் ஸ்தாபனம் பண்டாய் என்ற யப்பானிய விளையாட்டுச் சாமான் நிறுவனத்தோடு சேர்ந்து 1996இல் பிப்பின் என்ற பெட்டியை வெளியிட்டது. அமெரிக்காவில் விலை 599 டொலர். அவ்வாண்டிலே சோனிப் பெட்டி 199 டொலருக்குக் கிடைத்தது. விற்றவை ஏறத்தாழ 42,000 பெட்டிகள். நொக்கியா 2003இல் தொலைபேசியையும் விளையாட்டுக் கருவியையும் ஒன்றாக்கி என்கேஜ் என்ற பெயரில் விற்றது. அதில் விளையாட்டை மாற்றவேண்டுமானால் மூடியைத் திறந்து மின்கலத்தையே வெளியில் எடுக்கவேண்டும். பேசவேண்டுமானால் கருவியின் விளிம்பைக் காதில் வைக்கவேண்டும். உலகத் தொலைபேசிச் சந்தையை ஆண்ட ஸ்தாபனத்துக்கு, ஒரு சிறுவன் விளையாட்டை எப்படி மாற்றுவான் என்று யோசிக்க ஆளில்லாமற் போனது வியப்பே.

மைக்கிரோசொவ்ற் எவ்வாறு நுழைந்தது என்பது மேலும் சுவையானது. அது விளையாட்டின் மேலுள்ள ஆசையால் வந்ததன்று, அச்சத்தினால் வந்தது. இரண்டாவது பிளேஸ்ரேசன் 2000ஆம் ஆண்டில் வரவிருந்தபோது, அது வீட்டுக் கூடத்தில் அமர்ந்து நாளடைவிற் கணினியின் இடத்தையே பிடித்துவிடுமோ என்று மைக்கிரோசொவ்ற் தலைமையகத்தில் கவலை பிறந்தது. கீழ்மட்டப் பணியாளர் சிலர் சேர்ந்து, நாமே ஒரு பெட்டி செய்வோம் என்று தொடங்கினர். முதலில் நின்ரெண்டோவையே விலைக்கு வாங்கலாமா என்று கேட்டுப் பார்த்தனராம். ஒரு மணி நேரம் அவர்கள் தம்மைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று அக்குழுவில் ஒருவரான கெவின் பாக்கஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். 2000 பெப்ரவரி 14ஆம் நாள் நடந்த கூட்டமொன்றில், தம் விண்டோஸ் முறைமை அப்பெட்டியில் இடம்பெறாது என்பதையறிந்து பில் கேற்ஸ் சினந்தார் என்பதும், நெடுநேர வாதத்தின் பின்னரே அவரும் ஸ்ரீவ் பால்மரும் இசைந்தனர் என்பதும் பலர் எழுதியுள்ள வரலாறு.

எக்ஸ்பொக்ஸ் எனப் பெயர்பெற்ற அப்பெட்டி 2001 நவம்பர் 15ஆம் நாள் அமெரிக்காவில் வெளிவந்தது. அதனைக் காப்பாற்றியது ஹேலோ என்ற ஒரே ஒரு விளையாட்டு. அவ்விளையாட்டின் வரலாற்றை இங்கே சொல்லாமல் விடுவதற்கில்லை. அதனைச் செய்துகொண்டிருந்த பங்கி என்ற சிறு நிறுவனம் அப்பிள் கணினிகளுக்கு விளையாட்டுச் செய்து பெயர் பெற்றது. 1999 யூலை மாதம், அப்பிளின் விழா மேடையில், ஸ்ரீவ் ஜொப்ஸ் அவர்களே அவ்விளையாட்டை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அடுத்த ஆண்டு மைக்கிரோசொவ்ற் அந்நிறுவனத்தையே வாங்கிவிட்டது. அப்பிளின் கையில் இருந்த விதை மைக்கிரோசொவ்ற்றின் வயலில் முளைத்தது. பணம் இருவரிடமும் இருந்தது. வேண்டும் என்ற எண்ணம் ஒருவரிடமே இருந்தது.

அவ்வாறிருந்தும் முதற் பெட்டி விற்றது ஏறத்தாழ 2 கோடியே 40 இலட்சம் மட்டுமே. போட்டியாகிய இரண்டாவது பிளேஸ்ரேசனோ காலப்போக்கில் 16 கோடியை எட்டியது. மைக்கிரோசொவ்ற் அம்முதற் பெட்டியில் இழந்தது 400 கோடி டொலர் என்று மதிப்பிடப்படுகிறது. 2005இல் வந்த அடுத்த பெட்டி நன்றாக விற்றது. ஆனால் உள்ளே வெப்பம் மிகுந்து பழுதாகி, முகப்பில் செந்நிற ஒளிவளையம் தோன்றி, ஆயிரமாயிரம் பெட்டிகள் செயலற்றுப் போயின. அவற்றைத் திருத்திக் கொடுக்க 2007இல் 100 கோடி டொலருக்கு மேல் ஒதுக்கினார்கள். வேறொரு ஸ்தாபனமாயின் அன்றே கடையைக் கட்டியிருக்கும். இவர்கள் கட்டவில்லை. என்னைக் கேட்டால், மைக்கிரோசொவ்ற்றின் செல்வத்தைக் காட்டிலும் அந்த ஐந்தாறு ஆண்டு நட்டத்தைத் தாங்கும் பிடிவாதமே அதற்கு இத்துறையில் இடம் வாங்கிக் கொடுத்தது என்பேன்.

2020 பெப்ரவரியில் எக்ஸ்பொக்ஸ் பிரிவின் அப்போதைய தலைவர் பில் ஸ்பென்சர் ஒரு கருத்தை வெளியிட்டார். சோனியையும் நின்ரெண்டோவையும் தாம் மதிப்பதாகவும், ஆயின் வருங்காலத்திற் தமக்கு முக்கிய போட்டியாளர் அமேசனும் கூகிளுமே என்றும் அவர் கூறினார். அவர் கூற்றின் பின்னேயிருந்த எண்ணம் இது: இனிமேல் வீட்டில் பெட்டியே வேண்டாம், விளையாட்டு தொலைதூரத்திலுள்ள பெரிய கணினி நிலையத்தில் ஓடும், அதன் காட்சி மட்டும் இணையவழியே உங்கள் திரைக்கு வரும். வானொலி நிலையம் ஓரிடத்தில் இருக்க நிகழ்ச்சி உங்கள் வீட்டில் ஒலிப்பதுபோல. அத்தகைய கணினி நிலையங்களை உலகெங்கும் வைத்திருப்போர் அமேசன், கூகிள், மைக்கிரோசொவ்ற் மூவருமே.

வானொலி உவமை ஓரிடத்திற் பொருந்தாது. வானொலியில் ஒலி ஒரு வழியாக மட்டும் வருகின்றது. இரண்டு கணம் பிந்தினாலும் கேட்பவருக்குக் குறையில்லை. விளையாட்டிலோ, விளையாடுபவன் பொத்தானை அழுத்திய செய்தி அங்கே போய், கணினி அதற்கேற்பக் காட்சியை வரைந்து, அது திரும்பி வரவேண்டும். திரையில் ஒரு விநாடிக்கு அறுபது காட்சிகள் மாறுகின்றன. அதாவது ஒரு காட்சிக்குக் கிடைப்பது விநாடியில் அறுபதில் ஒரு பங்கு. அதில் ஆறேழு பங்கு தாமதமானாலே, ஓடிவரும் பந்தை அடிக்க ஓங்கியவனுக்குப் பந்து கடந்து போய்விட்டிருக்கும். ஆகவே நிலையம் அருகில் இருக்கவேண்டும். இணைப்பும் தடையற்றதாய் இருக்கவேண்டும். கூகிள் இச்சேவையை 14 நாடுகளில் தொடங்கியபோது அவை யாவும் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலுமே இருந்தன. தெற்காசிய நாடு எதற்கும் அது வந்து சேரவேயில்லை.

ஸ்ரேடியா என்ற பெயரில் கூகிள் தொடங்கிய அம்முயற்சியைச் சற்று நின்று நோக்குவோம். 2019 மார்ச்சில் அறிவிப்பு; நவம்பர் 19ஆம் நாள் தொடக்கம். நல்ல இணைப்புள்ள வீடுகளில் அது வியக்கத்தக்க முறையில் வேலை செய்தது என்பதை அதன் எதிரிகளும் ஒப்புக்கொண்டனர். பொறியியலிற் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அன்று கிடைத்த 22 விளையாட்டுகளிற் பெரும்பாலானவை பிற பெட்டிகளில் முன்னரே வெளிவந்தவை. அவற்றையும் முழு விலை கொடுத்து மறுபடி வாங்கவேண்டும். வாங்கியபின் கையில் தட்டுமில்லை, வீட்டுக் கணினியில் பிரதியுமில்லை. தனக்கெனச் சொந்த விளையாட்டுகளைச் செய்வதற்கு மொன்றியல், லொஸ் ஏஞ்சலிஸ் முதலிய இடங்களிற் கூகிள் தொழிற்கூடங்களை அமைத்தது. ஒரு பெரிய விளையாட்டைச் செய்து முடிக்க நாலைந்து ஆண்டுகள் செல்லும். கூகிளோ 2021 பெப்ரவரி முதலாந் தேதியே அத்தொழிற்கூடங்களை மூடுவதாக அறிவித்துவிட்டது. ஏறத்தாழ 150 பேர் பாதிக்கப்பட்டனர் எனச் செய்திகள் வந்தன. நாற்று நட்டு மூன்றாம் வாரம் கதிர் இல்லையே என்று வயலை உழுதுவிடும் கமக்காரனை யாராவது கண்டதுண்டா?

கூகிள் தான் தொடங்கியவற்றை இடைநடுவில் மூடிவிடும் வழக்கமுள்ள ஸ்தாபனம் என்ற பெயர் முன்பே பரவியிருந்தது. 2013இல் செய்தி வாசிப்புச் சேவையொன்றை அது மூடியபோது எழுந்த கசப்பு ஆறவில்லை. ஆகையால், மூடிவிடுவார்கள் என்று அஞ்சி மக்கள் ஸ்ரேடியாவில் வாங்கவில்லை. மக்கள் வாங்கவில்லை என்று கூகிள் அதனை மூடியது. 2022 யூலை மாதத்தில், ஸ்ரேடியா மூடப்படாது என்று அதன் சார்பிலேயே பகிரங்கமாகச் சொல்லப்பட்டது. செப்ரெம்பர் 29ஆம் நாள் மூடும் அறிவிப்பு வெளிவந்தது. அச்சேவைக்கென விளையாட்டுகளைத் தயாரித்துக்கொண்டிருந்தவர்களிற் பலர் பொதுமக்களோடு சேர்ந்தே அச்செய்தியை அறிந்தனர். 2023 சனவரி 18இல் விளக்கு அணைந்தது.

நியாயமாகச் சொல்லவேண்டியதையும் சொல்லவேண்டும். தன் கடையில் வாங்கப்பட்ட கருவிகளுக்கும் விளையாட்டுகளுக்கும் உரிய பணத்தைக் கூகிள் திருப்பிக் கொடுத்தது. கைப்பிடிக் கருவிகளை வேறு கணினிகளோடு இணைத்துப் பயன்படுத்த வழி செய்தது. இறுதி வாரத்தில், ஸ்ரேடியாவைச் செய்தவர்கள் தம் முறைமையைச் சோதிப்பதற்காக முன்பு பயன்படுத்திய எளிய புழு விளையாட்டு ஒன்றை எல்லோரும் விளையாடும்படி இலவசமாக வெளியிட்டு விடைபெற்றனர். அதனை எண்ணும்போது அப்பணியாளர் மேல் ஓர் அன்பு தோன்றுகின்றது. ஆனால் பணம் திருப்பிக் கொடுக்க முடியாதவையும் உண்டு. ஸ்ரேடியாவிலே ஒரே விளையாட்டில் ஏறத்தாழ 6,000 மணி நேரத்தைச் செலவிட்டிருந்த ஒருவர், தாம் வளர்த்த பாத்திரத்தை வேறொரு பெட்டிக்கு மாற்ற ஏதாவது வழி செய்து தாருங்கள் என்று அவ்விளையாட்டைச் செய்த நிறுவனத்தைப் பகிரங்கமாக வேண்டினார். வீண் பொழுதுபோக்கு என்று சிலர் நகைக்கலாம். அவருக்கு அது பல ஆண்டு மாலைப் பொழுதுகள், அங்கே கிடைத்த நண்பர்கள். ஓர் ஊரையே ஒருவன் மூடிவிட்டு, கடைச் சாமானுக்கு மட்டும் காசு எண்ணிக் கொடுத்தது போலிருந்தது அச்செயல்.

அமேசனைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். 2014இல் பிறர் விளையாடுவதை மக்கள் பார்க்கும் ருவிச் என்ற தளத்தை 97 கோடி டொலருக்கு வாங்கியது; அதே ஆண்டில் தொலைக்காட்சிக் கருவியொன்றோடு விளையாட்டுக் கைப்பிடியும் விற்றது. பல ஆண்டு உழைத்து 2020 மே மாதத்தில் வெளியிட்ட குறூசிபிள் என்ற விளையாட்டை அவ்வாண்டு முடியுமுன்பே நிறுத்தியது. லூனா என்ற தொலைதூரச் சேவையை 2020இல் அறிவித்து நடத்தி வந்தாலும், அதற்காகப் பெட்டி எதுவும் செய்யவில்லை.

அப்பிளின் நிலை வேறு. பெட்டி செய்யாமலே பெட்டிக்காரனின் வருவாயைப் பெறும் வழியை அது கண்டுபிடித்துவிட்டது. 2008இல் அது திறந்த இணையக் கடையில், விற்கப்படும் பொருளின் விலையில் நூற்றுக்கு 30 பங்கு பெரும்பாலும் அதற்கு உரியதாயிற்று. நின்ரெண்டோ 1985இல் வைத்த பூட்டும் இதுவும் ஒன்றே. வேறுபாடு யாதெனில், நின்ரெண்டோ பெட்டியை மலிவாகக் கொடுத்து விளையாட்டில் இலாபம் தேடியது. அப்பிள் தொலைபேசியிலும் இலாபம் பெறுகின்றது, விளையாட்டிலும் பெறுகின்றது. விளக்கும் நல்ல விலை, எண்ணெயும் நல்ல விலை. இந்நிலையிலுள்ள ஸ்தாபனம் நட்டத்துக்குப் பெட்டி விற்கும் தொழிலில் எதற்காக இறங்கவேண்டும்? அப்பிள் இறங்காது என்றே நான் கருதுகிறேன். கூகிள் ஒருமுறை சுட்ட கையை மீண்டும் நீட்ட நெடுங்காலம் செல்லும்.

பெட்டியைச் செய்வது இன்று கடினமான காரியமும் அன்று. 2020இல் வெளிவந்த சோனிப் பெட்டிக்கும் மைக்கிரோசொவ்ற் பெட்டிக்கும் மூளையாகிய சில்லை வடிவமைத்துக் கொடுத்தது ஏ.எம்.டி. என்ற ஒரே ஸ்தாபனம். நின்ரெண்டோவின் சுவிச் பெட்டிக்குக் கொடுத்தது என்விடியா. பணமுள்ள எவரும் போய்க் கேட்டால் சில்லுச் செய்து கொடுப்பர். கேட்டு வாங்க முடியாதது, பத்து இருபது ஆண்டுகள் ஒரே குழுவை வைத்துப் பேணி, தோல்வியையும் பொறுத்து, மக்கள் மனத்தில் இடம்பெறும் பாத்திரங்களை உருவாக்கும் பழக்கம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்டும் ஸ்தாபனங்களுக்கு அப்பழக்கம் எளிதில் வருவதில்லை.

பல ஆண்டு தாங்கிய மைக்கிரோசொவ்ற்றும் இப்போது தளர்ந்து நடக்கின்றது. 2024 சனவரியில் விளையாட்டுப் பிரிவுகளிலிருந்து 1,900 பேரை நீக்கியது; மே மாதத்தில், முந்திய ஆண்டு பலரும் பாராட்டிய விளையாட்டைச் செய்த தோக்கியோத் தொழிற்கூடத்தையும் மூடுவதாக அறிவித்தது. அக்கூடத்தைப் பின்னர் கொரிய நிறுவனமொன்று எடுத்துக்கொண்டது. தன் பெட்டிக்கே உரியவை என்று வைத்திருந்த விளையாட்டுகளை 2024 முதல் சோனிக்கும் கொடுக்கத் தொடங்கியது. 2025 ஒக்ரோபரில், ஹேலோவின் முதற் பாகத்தைப் புதுக்கிப் பிளேஸ்ரேசனிலும் வெளியிடப் போவதாக அறிவிப்பு வந்தபோது, பழைய இரசிகர் பலர் தம் காதுகளை நம்பவில்லை.

புதிதாக வருவது யார் என்று என்னைக் கேட்டால், நான் மேலே சொன்ன மூன்று பெயர்களையும் விட்டு வால்வ் என்ற அமெரிக்க நிறுவனத்தைக் காட்டுவேன். ஆட்தொகையில் அது சிறியது. ஆனால் கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்ரீம் என்ற மிகப் பெரிய இணையக் கடை அதனுடையது. 2015இல் பிற கம்பனிகளைக் கொண்டு பெட்டி செய்வித்துத் தோற்றது. மனம் தளராது, 2022 பெப்ரவரியில் கையில் வைத்து விளையாடும் கருவியொன்றைத் தானே செய்து வெளியிட்டது, அது நிலைத்தது. வாடிக்கையாளர் முன்னரே வாங்கி வைத்திருந்த விளையாட்டுகளிற் பெரும் பகுதி அதில் ஓடியதே காரணம். புதிதாக வருபவன் மாட்டிக்கொள்ளும் சுழலை அது இவ்வாறு கடந்தது. 2025 நவம்பரில், தொலைக்காட்சியோடு இணைக்கும் பெட்டியொன்றைச் செய்வதாகவும் வால்வ் அறிவித்தது. விலையை அன்று கூறவில்லை. ஆயினும், நட்டத்துக்கு விற்கும் எண்ணம் தமக்கில்லை என்றும், அதே திறனுள்ள கணினிக்கு எவ்வளவு ஆகுமோ அதையொட்டியே விலை அமையும் என்றும் அதன் பொறியியலாளர் பின்னர் கூறினர். விளக்கை அடக்க விலைக்குக் குறைத்துக் கொடுக்கும் பழைய முறையை இவர்கள் கைக்கொள்ளப் போவதில்லை. 599 டொலரென்று சோனியிடம் முறையிட்டவர்கள் இவர்களிடம் எவ்வளவு கொடுக்கச் சம்மதிப்பார்கள் என்பது கடைக்காரர் கணக்குப் புத்தகத்திலேதான் தெரியவேண்டும்.